அந்தச் சத்தம் யாருடையது

நிச்சினான்
6 பிப்ரவரி 1984

மதிப்பிற்குரிய நிஷிவாக்கி யசுகே அவர்களுக்கு,

நாள்காட்டியில் வசந்தம் பிறந்துவிட்டது. குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்களுக்கு எழுத வேண்டிய தேவை இனி வராது என்றுதான் இருந்தேன். ஆனால் இங்கே பயிற்சி முகாமுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது தங்களுடைய பழைய கையுறை உள்ளேயிருந்து விழுந்தது. ஒசாகாவில் என் அலமாரியைக் காலி செய்த அவசரத்தில் அதையும் சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. வேண்டுமென்று எடுத்து வரவில்லை. எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் ரயில் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.

இத்தோடு முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

டிசம்பரில் தோமிகோ அண்ணியின் கடையில் நடந்ததை நான் மறக்கவில்லை. இத்தனை வருஷம் ஆடிய ஒசாகா பேஸ்பால் அணி என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. நீகாத்தா அணிதான் தேர்வு வைத்துப் பார்த்து, இரண்டாம் அணியில் ஓரமாக ஓர் இடம் கொடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கிண்ணம் கூடுதலாகக் குடித்துவிட்டு, ‘எம் பந்து இன்னும் சாகலண்ணே. உங்க கையுறைல டமார்னு விழுதே, அந்தச் சத்தம் போதாதா?’ என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? ‘அந்தச் சத்தம் உன்னுது இல்லடா. என்னுது.’ கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

தோள் கெட்டுப்போன நாளிலிருந்து பத்திரிகைக்காரர்கள் என்னை நம்பவில்லை, மேலாளர் நம்பவில்லை, வேகம் காட்டும் அந்தப் புதுக் கருவி என்னை ஒருநாளும் நம்பவில்லை. நான் நம்பியது அந்தச் சத்தத்தை மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

எனக்கு இருப்பது இந்த ஓர் ஆட்டப் பருவம். என் மச்சான், சாயோகோவின் அண்ணன், இமாபாரியில் துண்டு நெய்கிற ஆலை வைத்திருக்கிறார். ஊர் ஊராகப் போய் விற்க ஆள் வேண்டுமாம். ஆகஸ்டில் ஓபோனுக்குக் குடும்பம் முன்னோர் கல்லறைக்குக் கூடும்போது பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் முதல் அணிக்கு ஏறாவிட்டால் நான் துண்டு விற்கப் போகிறேன். ஏறிவிட்டால் அந்தச் சத்தம் யாருடையது என்று நீங்கள் திருத்திச் சொல்ல வேண்டும்.

இங்கே மைதானத்தோரப் புல்பென்னில் தோளைச் சூடேற்றும்போது என் பந்தைப் பிடிப்பவர் பெயர் ஓஸே. நாற்பதைத் தாண்டியவர். அவர் கையில் விழுந்தால் ‘பொத்’ என்கிறது, ஈரத்துணி மூட்டையைப் போட்டது போல. வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
குராமோட்டோ தெட்சுஜி

பி.கு.: அண்ணி கல்லில் வார்த்த ஒக்கோனோமியாக்கி அடையைப் பாதியில் விட்டு எழுந்துபோனதற்கு அண்ணியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.


ஒசாகா
15 பிப்ரவரி

தெட்சு,

உன் முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் வரி இலாகாவிலிருந்து வந்த கடிதம் என்று நினைத்துத் தோமிகோவிடம் கொடுத்துவிட்டேன். அவள்தான், ‘ஏங்க, இது நம்ம தெட்சுங்க! கோவத்துல மரியாதையா எழுதியிருக்கு’ என்று திருப்பிக் கொடுத்தாள்.

கையுறையை அனுப்பாதே. பார்சலில் போட்டால் மூட்டைகளுக்கு அடியில் நசுக்கிவிடுவார்கள். அதன் குழியைப் பழக்குவதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. அவ்வப்போது எண்ணெய் தடவு. நடுவில் ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி வை. வெயிலில் வைத்தாய் என்று காதில் விழுந்தால் ரயிலேறி வந்து உதைப்பேன்.

நான் சொன்னதை மட்டும் பத்திரமாக நினைவு வைத்திருக்கிறாய். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகும்போது நீ சொன்னது மறந்துவிட்டதோ? ‘சுவருக்கு என்ன பேச்சு? பந்தைத் திருப்பிப் போட்டாப் போதும்.’

புல்பென்னில் பந்தெறியும் பிட்ச்சர்களின் தோள் சூடேறும்வரை பந்து பிடிக்கிற எங்களைச் சுவர் என்று கூப்பிடுவது வழக்கம்தான். நேற்று வந்த பொடியன் கூப்பிட்டால்கூட நான் கண்டுகொள்வதில்லை. கேட்ச்சராக ஆடத்தான் அணியில் சேர்ந்தேன். ஒரே ஓர் ஆட்டத்தில்கூட நிற்காமல் சுவராகிவிட்டேன். அதற்காக நான் அழுததும் இல்லை. ஆனால் உன் வாயிலிருந்து அது வந்தபோது தாங்கவில்லை. அவ்வளவுதான்.

சாயோகோ சாயங்காலங்களில் கடைக்கு வந்து ஒத்தாசை செய்கிறாள். உனக்கு ஊர் எது என்று நிச்சயமாகும்வரை இங்கே வீட்டைக் காலி செய்யப் போவதில்லையாம். அவள் கல்லில் திருப்பிப் போடுகிற அழகைப் பார்க்க வேண்டும், ஒரு கோஸ் துணுக்கு சிந்துவதில்லை. ‘தோமிகோக்கா, அவரு அங்க ஒழுங்கா சாப்புடுறாரான்னு அண்ணன விட்டுக் கேக்கச் சொல்லுங்க’ என்கிறாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் பாதித் தட்டை அன்றைக்கு நான்தான் தின்றேன். அதனால் மன்னிப்பு எனக்கு வர வேண்டியது.

யசுகே


நாகாவோக்கா
24 மார்ச்

நிஷிவாக்கி அண்ணனுக்கு,

முகாம் முடிந்து இரண்டாம் அணியின் ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே இன்னும் இடுப்பளவு பனி. மைதானம் எது, பக்கத்து வயல் எது என்று தெரியவில்லை. உள்ளரங்கத்தில்தான் பயிற்சி. சோறு நன்றாக இருக்கிறது. இந்த ஊர் அரிசியைச் சும்மாவே தின்னலாம். சாயோகோவிடம் சொல்லுங்கள்.

மற்றது எதுவும் நன்றாக இல்லை. தெற்கே ஆடிய பயிற்சி ஆட்டத்தில் கல்லூரியை விட்டு வந்து ஒரு மாதம் ஆகாத பயல் என் பந்தை வேலிக்கு மேலே, மரத்துக்கும் மேலே அனுப்பினான். பந்து தேடப் போனவர் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். வேகக் கருவி மணிக்கு 131 கிலோமீட்டர்தான் என்று காட்டியதாம். எனக்கு அந்தக் கருவியைப் பிடிக்கவில்லை.

பயிற்சியாளர் மிசோகுச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘தெட்சு, மெதுவான வளைபந்து ஒண்ணு கத்துக்க. வேகம் வேகம்னு எத்தன நாளைக்கு முட்டிக்கிட்டு நிப்ப?’ என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் பதினாலு ஆட்டம் ஜெயித்த வருஷத்தில் எவனும் என் பந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. போயும் போயும் அந்தரத்தில் தூங்குகிற பந்தைப் போட்டுப் பிழைப்பதா? அதற்குத் துண்டே விற்கலாம்.

ஓஸேயிடமும் சண்டை. ‘கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி புடிங்களேன்’ என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ‘சத்தம் வேணுமா? பக்கத்துல கோயில் இருக்கு. போய் மணி அடி’ என்கிறார். ஒவ்வொரு பந்துக்கும் பொத், பொத், பொத். ராத்திரி தூக்கத்திலும் அதே கேட்கிறது. தோளே செத்துப்போய்விட்டதோ என்று தோன்றுகிறது.

கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. சத்தம் உங்களுடையது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அப்படியே வைத்துக்கொண்டாலும், அதை எப்படிச் செய்கிறீர்கள்? ஓஸேயிடம் சொல்லலாமே என்றுதான் கேட்கிறேன்.

தெட்சுஜி


ஒசாகா
8 ஏப்ரல்

தெட்சு,

‘மதிப்பிற்குரிய’ போய் ‘அண்ணனுக்கு’ வந்திருக்கிறது. பனி உருகுகிறது போலிருக்கிறது.

பருவம் தொடங்கிவிட்டது. செர்ரி பூத்துக் கொட்டியும் ஆயிற்று. நான் எதையும் பார்க்கவில்லை. இங்கே புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். 148 போடுகிறான். நான் கையை நீட்டினால் போதும், தானே வெடிக்கிறது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. சலிப்பாக இருக்கிறது.

எப்படிச் செய்கிறேன் என்று கேட்டாய். எழுதிப் புரியவைக்கிற விஷயம் இல்லை அது. உள்ளங்கையில் வாங்கினால் வலிக்கும், சத்தம் வராது. விரலிடுக்கு வலையில் வாங்கினால் வலிக்காது, அப்போதும் சத்தம் வராது. இரண்டுக்கும் நடுவே விரலகலத்தில் ஓர் இடம் இருக்கிறது. பந்து வருகிற நேரம் பார்த்து அந்த இடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் இடது ஆள்காட்டி விரல் மடங்காமல் போனது அந்த இடத்தைத் தேடித்தான்.

எதற்கு இந்தப் பாடு என்று தோமிகோ அடிக்கடி கேட்பாள். மைதானத்துக்குள் போகிறவன் கடைசியாகக் கேட்கிற சத்தம் என் கையுறையில் எழுகிற சத்தம். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டும். என் வேலை அது. உன் தோள் கெட்டதிலிருந்து உனக்காக நான் இரண்டு மடங்கு உழைத்தேன். அதை உன்னைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை தெட்சு. பிரிகிற நேரத்தில் உனக்கு ஒருவன் உண்மையைச் சொல்லி அனுப்ப வேண்டுமே என்று நினைத்தேன். குடித்திருந்ததால் கோணலாக வந்துவிட்டது.

ஓஸேக்குப் பாடம் எடுக்க நான் யார்? வேண்டுமானால் என் கையுறையை அவரிடம் கொடு. நல்ல சுவராக இருந்தால் அதுவே அவரிடம் பேசிக்கொள்ளும்.

அது கிடக்கட்டும், அந்த மிசோகுச்சி சொல்வதைக் காதில் வாங்கு.

யசுகே


நாகாவோக்கா
19 மே

அண்ணே,

சிரித்துச் சிரித்து இன்னும் விலா வலிக்கிறது. முதலில் இதைக் கேளுங்கள்.

உங்கள் கையுறையை ஓஸேயிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், குழியில் குத்திப் பார்த்தார், கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பிடிக்கும்போது வழக்கம்போலத் தன்னுடைய பழைய பொத் கையுறைதான்.

போன வாரம் ஒருநாள் நல்ல மழை. குளித்துவிட்டு உள்ளரங்கத்தின் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தேன். டமார்! அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி டமார்! அண்ணே, அது நான் பதினாலு ஆட்டம் ஜெயித்த வருஷத்துச் சத்தம். தகரக் கூரை அதிர்கிறது. புதிதாக எவனையோ கொண்டுவந்திருக்கிறார்கள், என் இடம் போயிற்று, நாளைக்கே துண்டு மூட்டையோடு நிற்கப் போகிறேன் என்று நினைத்தேன். யார் என்று பார்த்துவிடலாம் என்று கதவைத் தள்ளினேன்.

பந்தெறிகிற மேட்டில் நிற்பவர் எங்கள் விடுதிச் சமையல்காரர் நாகாசே! ஐம்பத்தைந்து வயது. தொந்தி. சமையலுக்குக் கட்டிய மேல்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் பந்து. எதிரே ஓஸே, உங்கள் கையுறையோடு. நாகாசே காலைத் தூக்கி, மூச்சு வாங்கி, ஒரு பந்தை விட்டார். பள்ளிக்கூடப் பெண்கள்கூட அதைவிட வேகமாகப் போடுவார்கள். அது வளைந்து நெளிந்து போய்ச் சேர்ந்ததும், டமார்!

ஓஸே என்னைப் பார்த்து, ‘என்ன தெட்சு, நம்ம புது பிட்ச்சர் எப்படி? இவர முதல் அணிக்கு அனுப்பிரலாமா?’ என்றார்.

நாகாசேக்கு வாயெல்லாம் பல். ‘அடுப்புல மிசோ சூப் கொதிக்குதுய்யா. இன்னும் ரெண்டே ரெண்டு போட்டுட்டுப் போயிர்றேன். என் பொண்டாட்டி மட்டும் இதக் கேட்டிருக்கணும்!’ என்கிறார்.

‘அப்ப இத்தன நாள் எனக்கு மட்டும் ஏன் பொத்து பொத்துன்னு புடிச்சீங்க?’ என்று ஓஸேயைக் கேட்டேன்.

‘முன்னாடி இருந்த அணில ஒருத்தனுக்கு இப்படித்தான் சத்தம் ஏத்திக் குடுத்தேன். அத நம்பிப் போயி நடு மைதானத்துல ஏழு ரன் வாரிக் குடுத்தான். திரும்பி வந்து என்னையில்ல அடிக்க வந்தான்! அன்னையோட விட்டேன். ஆனா உங்காளு கையுறை இருக்கே, கைல மாட்டினா சும்மா இருக்க விடமாட்டேங்குது.’

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது, குளித்த தலை சொட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் ஓஸே நாகாசேக்குப் பிடித்த மாதிரிதான் நீங்களும் எனக்குப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அதைக் கேட்டுவிட்டு நான் கருவியைத் திட்டினேன், மேலாளரைத் திட்டினேன், உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் திட்டினேன். 131 என்றால் 131தான். கருவி பாவம், அது என்ன செய்யும்?

கோபம் வரவே இல்லை. எத்தனையோ நாளாக முதுகில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. மறுநாள் காலை மிசோகுச்சியிடம் போய், ‘அந்தத் தூங்குற பந்த எனக்குச் சொல்லிக் குடுங்க’ என்றேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே போட்டுவிட்டார்.

தெட்சு


ஒசாகா
5 ஜூன்

தெட்சு,

உன் கடிதத்தைத் தோமிகோ கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறாள். சமையல்காரர் இடம் வந்ததும் ஆட்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சாயோகோவுக்கு ஏறக்குறைய மனப்பாடம். அழுதேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் தோமிகோ விட்டுவிட்டுப் படிக்கிறாள். நீ கவலைப்பட வேண்டாம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. அணி தோற்கிறது. 148 பையனுக்கு முழங்கை வலி. நேற்று முதல்முறையாக அவனுக்குச் சத்தம் நான் உண்டாக்கிக் கொடுத்தேன். பாவம், முகம் மலர்ந்து போனான்.

தூங்குகிற பந்து எப்படி இருக்கிறது? ஓஸேக்கு என் வணக்கத்தைச் சொல். கையுறையில் எண்ணெய் தடவுகிறாரா என்று பார்த்துக்கொள்.

ஒரு கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. நான் கோணலாகச் சொன்னதைக் கோணல் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். கதவு பக்கத்தில் நின்று நீ சொன்னது அப்படியே நிற்கிறது.

யசுகே


நாகாவோக்கா
31 ஜூலை

அண்ணே,

கதவு பக்கத்தில் நின்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நேரில் வந்து தலைகுனிந்து சொல்ல வேண்டும் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். நேரில் வர வழியில்லை போலிருக்கிறது, அதனால் இங்கேயே எழுதுகிறேன். சுவர் என்ற வார்த்தை என் வாயிலிருந்து உங்களை நோக்கி வந்திருக்கக் கூடாது. என் இருபத்து நாலு வயதிலிருந்து நான் போட்ட பந்தில் பாதி உங்கள் கையில்தான் விழுந்தது. வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

தூங்குகிற பந்து முதல் மாதம் என் மானத்தை வாங்கியது. ஒன்று பேட்ஸ்மேன் தலைக்கு மேலே போகும், இல்லாவிட்டால் எனக்கு முன்னாலேயே விழும். கையை மெதுவாகச் சுற்றினால் பேட்ஸ்மேன் கண்டுபிடித்துவிடுகிறான். கையை முழு வேகத்தில் சுற்ற வேண்டும், பந்து மட்டும் சோம்பேறியாகப் போக வேண்டும். ஜூன் கடைசியில் ஒருநாள் அது தானாக வந்தது. அன்றிலிருந்து இரண்டாம் அணியில் என் பந்தை எவனும் சரியாக அடிக்கவில்லை. அதைவிட வேடிக்கை, தூங்குகிற பந்தைப் பார்த்துவிட்டு நிற்கிறவனுக்கு என் 131 பந்து எங்கிருந்தோ பறந்து வருவதாகத் தோன்றுகிறதாம். ஒருத்தன் என்னிடமே வந்து, ‘தோளு குணமாயிருச்சாண்ணே?’ என்று கேட்டான்.

ஆனாலும் மேலே இருந்து கூப்பிடவில்லை. அங்கே எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். முப்பத்து மூன்று வயதுக்காரன் இரண்டாம் அணியில் நன்றாகப் போட்டால், வயசான காலத்தில் பொழுது போகிறது என்றுதான் நினைப்பார்கள். ஓபோன் வந்துவிட்டது. மச்சான் மாதிரிக்கு ஒரு துண்டு அனுப்பியிருக்கிறார், வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு. குளித்துவிட்டு அதில்தான் துடைத்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லாமல் விற்கலாம்.

ஆச்சரியம் என்னவென்றால் மனசு நிம்மதியாக இருக்கிறது. போன வருஷம் விட்டிருந்தால் உலகத்தைச் சபித்துக்கொண்டே விட்டிருப்பேன். இப்போது ஒரு பந்தைக் கற்றுக்கொண்டுவிட்டுப் போகிறேன். இருந்தாலும் முதல் அணி மேட்டில் ஒரே ஒரு தடவை அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது அண்ணே. இல்லை என்று சொன்னால் பொய்.

தெட்சு

ஆகஸ்ட் 1, காலை.

உறையை ஒட்டவில்லை, நல்லவேளை. இதைக் கேளுங்கள்! நேற்று குளியல்தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறேன். மிசோகுச்சி உடுத்திய உடையோடு உள்ளே வந்துவிட்டார். ‘எந்திரி தெட்சு! மேல ரெண்டு பேருக்குத் தோள் போச்சு. உன்ன அனுப்பச் சொல்றாங்க!’ நான் எழுந்துவிட்டேன். ‘டேய், துண்டக் கட்டு முதல்ல!’ என்றார். மச்சான் துண்டுதான்.

பத்தாம் தேதி ஆட்டம் எங்கே தெரியுமா? ஒசாகாவில். உங்கள் மைதானத்தில்.


ஒசாகா
12 ஆகஸ்ட்

தெட்சு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நீ பஸ்ஸில் ஏறும்போது தூரத்தில் நின்றுதான் பார்த்தேன். தோற்ற அணியின் சுவர் எதிரணி பிட்ச்சரிடம் போய்ப் பல்லைக் காட்டினால் மேலாளர் என்னைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிடுவார். அதனால் எழுதுகிறேன். நீ மேட்டில் இருந்தாய், உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் பார்த்தவன் நான்.

எட்டாவது இன்னிங்ஸ். உங்கள் அணிக்கு ஒரே ஒரு ரன் கூடுதல். எங்கள் ஆட்கள் மூன்று தளத்திலும் நிற்கிறார்கள், ரெண்டு அவுட். ஓர் அடி விழுந்தால் நாங்கள் முந்திவிடுவோம். அடிக்க வருகிறவன் ஹொண்டே, எங்கள் நாலாம் நம்பர், அணியிலேயே பெரிய அடிக்காரன், மலை மாதிரி இருப்பான். ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள். இங்கே ஆடிய காலத்தில் உன்னைக் கும்பிட்ட அதே ஜனம் சிரித்தது. ‘ஏய் தெட்சு, பென்சன் வாங்க வந்தியா?’ என்று ஒருவன் கத்தினான். புல்பென்னில் என் பக்கத்தில் நின்ற 148 பையன், ‘அண்ணே, இவரு ஒங்க ஆளாமே? ஹொண்டே இவர ஒடைச்சிருவாரு’ என்றான்.

முதல் பந்தே தூங்குகிற பந்து. தைரியம்தான் உனக்கு! ஹொண்டே பந்து வருவதற்கு முன்பே சுழற்றிவிட்டான், தொப்பி பறந்தது. சிரித்தவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள். இரண்டாவது நேர்பந்து. அதே ஹொண்டே, 150 போடுகிறவனைத் தூக்கத்தில் அடிக்கிறவன், உன் 131க்குத் தாமதமாகச் சுழற்றினான். பையன் என்னைப் பார்த்து, ‘அண்ணே, கருவி கெட்டுப்போச்சா?’ என்று கேட்டான்.

இரண்டு போயிற்று, இன்னும் ஒன்றை விட்டால் அவன் அவுட். மூன்றாவது பந்துக்கு உன் கேட்ச்சர் நேர்பந்து கேட்டான். நீ தலையை ஆட்டி வேண்டாம் என்றாய். நேர்பந்து வேண்டாம் என்று நீ தலையாட்டி என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கையை முழுசாகச் சுற்றினாய். பந்து மேலே ஏறிற்று, அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு இறங்கிற்று. ஹொண்டே மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் எனக்கு அது தெளிவாகக் கேட்டது. பொத்.

அவுட்!

நான் துள்ளிவிட்டேன். உடனே காலணிக் கயிறு கட்டுவது போலக் குனிந்தேன். மேலாளர் என் பக்கம் திரும்பினார். பையன், ‘இவருக்கு இடுப்புப் புடிச்சிக்கிச்சு’ என்று சொல்லிக் காப்பாற்றினான். நல்ல பையன்.

இதற்குள் கூட்டத்தில் ஒரே ரகளை. எங்கள் ஆதரவாளர்களின் நட்டநடுவில், எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்கள் மட்டும் எழுந்து நின்று குதிக்கிறார்கள். ஒருத்தி கையில் தட்டைக் கரண்டி போல என்னவோ பளபளக்கிறது. சாயோகோ கடைக் கரண்டியோடு வந்துவிட்டாள்! ‘அது என் புருசன்! அது என் புருசன்!’ என்று அவள் கத்தியது புல்பென் வரை கேட்டது. தோமிகோ அவளை உட்கார வைக்கிற சாக்கில் தானும் கத்திக்கொண்டிருந்தாள்.

நாங்கள் தோற்றோம். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தியதும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெரிய சேக்கி புட்டியைக் காலி செய்தோம்.

யசுகே


நீகாத்தா
20 அக்டோபர்

அண்ணே,

பருவம் முடிந்தது. அணி ஐந்தாவது இடம், நீங்கள் ஆறாவது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். செப்டம்பரில் ஒரு நாள் என் தூங்குகிற பந்தை ஒருவன் எழுப்பி அரங்கத்துக்கு வெளியே அனுப்பினான் என்பதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றியும் பேச வேண்டாம்.

அடுத்த வருஷத்துக்கும் என்னை வைத்துக்கொள்வதாக நேற்றுச் சொல்லிவிட்டார்கள். மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல், ‘ஒரு கெழவன் இருந்தா பசங்களுக்குப் பயம் இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிட நல்ல வார்த்தை அவரிடம் வராதாம்.

ஓபோன் அன்று நாங்கள் நகோயாவில் இருந்தோம். கல்லறைக்கு நான் போகவில்லை. சாயோகோதான் போய், ‘அண்ணே, துண்டு விக்க வேற ஆளப் பாருங்க’ என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். ஒரு பெட்டி நிறையத் துண்டு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் என் பெயரை நெய்திருக்கிறார். எங்கள் அணியில் எல்லோரும் என் பெயரால்தான் முகம் துடைக்கிறார்கள். சமையல்காரர் நாகாசேக்கு இரண்டு கொடுத்தேன்.

இந்த மாதக் கடைசியில் ஒசாகா வீட்டைக் காலி செய்ய வருகிறேன். சாயோகோ என்னோடு இங்கே வருகிறாள். அடை வார்க்கிற கல் ஒன்றும் கையோடு கொண்டு வருவதாகச் சொல்கிறாள். அண்ணி பாவம், நல்ல ஆள் போய்விடுகிறது.

அப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைக்குப் பின்னால் அந்தச் சந்தில் எனக்கு ஒருநாள் பந்து பிடிப்பீர்களா? ஆனால் சத்தம் வராமல் பிடிக்க வேண்டும். டமார் எல்லாம் வேண்டாம். நான் கேட்டுக் கேட்டு ஏமாந்த காலம் போதும். என் பந்து உண்மையில் எப்படி இருக்கிறது என்று உங்கள் கையிலிருந்தே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். முதல் கடிதத்தில் சவடாலாக ஒரு பந்தயம் கட்டினேனே, நான் முதல் அணிக்கு ஏறினால் நீங்கள் திருத்திச் சொல்ல வேண்டும் என்று. திருத்த வேண்டாம் அண்ணே. அந்தச் சத்தம் உங்களுடையதுதான்.

தெட்சு


ஒசாகா
27 அக்டோபர்

தெட்சு,

வா. தோமிகோ கோஸ் நறுக்கத் தொடங்கிவிட்டாள். இந்த முறை தட்டைப் பாதியில் விட்டு எழுந்தால் கதவைத் தாண்ட மாட்டாய் என்று சொல்லச் சொன்னாள்.

சாயோகோ போகிறாள் என்றதும் வாடிக்கைக்காரர்கள் துக்கம் கொண்டாடுகிறார்கள். உன் மேல் கொலைவெறியில் இருக்கிறார்கள். சந்து வழியாகவே வந்துவிடு.

நீ கேட்டது நடக்காது. சத்தம் வராமல் நான் பிடிக்க மாட்டேன். வராது என்பதல்ல, மாட்டேன்.

ஆகஸ்டில் ஹொண்டேயை நிற்க வைத்த அந்த மூன்றாவது பந்து இருக்கிறதே, நான் இத்தனை வருஷத்தில் அதைப் போல ஒரு பந்தைப் பார்த்ததில்லை. அது உன்னுடையது. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனால் உங்கள் கேட்ச்சர் அதைப் பொத்தென்று வாங்கினான். அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு மட்டும் ராத்திரி முழுக்க அதே நினைவு. அந்த மாதிரிப் பந்துக்கு அந்த மாதிரியா சத்தம்? என் இடது கை தூக்கத்தில் அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்ததாகத் தோமிகோ சொல்கிறாள்.

அதனால் வா. சந்தில் நின்று அந்தப் பந்தை ஒரே ஒரு தடவை போடு. அதற்கு உரிய சத்தத்தை நான் கொடுக்கிறேன். தெருவில் அத்தனை பேரும் வெளியே வந்து என்ன வெடித்தது என்று கேட்க வேண்டும்.

கையுறையை மறந்துவிடாதே. ஓஸே தர மறுத்தால் பிடுங்கிக்கொண்டு வா.

உன் சுவர்,
யசுகே